ஆடியில் போட்ட முட்டைக்கோஸ் ஏன் உருண்டை பிடிப்பதில்லை? வீட்டுத் தோட்டத்தில் குளிர்கால காய்கறிகளை நட சரியான நேரம் எது?

ஆடி பிறந்தால் போதும், மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விதைப் பரிமாற்றம் களைகட்டிவிடும். கத்தரி, வெண்டை, அவரை, புடலை விதைகளோடு கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பாக்கெட்டும் ஒன்றிரண்டு வந்து சேரும். பை ரெடி, மண் ரெடி. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிடுவார்கள்.

ஆவணி முடிவதற்குள் வெண்டை காய்க்க ஆரம்பித்துவிடும். முட்டைக்கோஸ் செடி மட்டும் இலையை அகலமாக விரித்துக்கொண்டு அப்படியே நிற்கும். நடுவில் உருண்டை பிடிக்காது. கேரட்டைப் பிடுங்கிப் பார்த்தால் சுண்டுவிரல் அளவுக்கு வெளிறிய வேர் இருக்கும். அதற்குள் புழு வந்துவிடும், பின்னாலேயே ஐப்பசி மழையும் வந்துவிடும். "இதெல்லாம் ஊட்டியில்தான் வரும், நம்ம ஊருக்கு ஆகாது" என்று பையைக் கவிழ்த்துவிட்டு அதோடு விட்டவர்கள் ஏராளம்.

பெரும்பாலான வீடுகளில் இதற்குக் காரணம் மண்ணோ உரமோ இல்லை. விதைத்த தேதிதான். சமவெளியில் இந்தக் காய்களுக்குக் கிடைப்பது ஐப்பசி முதல் தை வரையிலான ஒரு குறுகிய இடைவெளி மட்டுமே. அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆடிப்பட்டம் யாருக்கு?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பொய்யில்லை. ஆனால் அந்தப் பழமொழி உருவான காலத்தில் நம் வயல்களில் கேரட்டும் முட்டைக்கோஸும் கிடையாது. அது அவரை, பீர்க்கு, புடலை, கத்தரி, வெண்டை போன்ற நாட்டுக்காய்களுக்கான கணக்கு. அவை வெயிலைத் தாங்கும்.

சந்தையில் 'இங்கிலீஷ் காய்' என்று சொல்லப்படும் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், டர்னிப், பட்டாணி எல்லாம் குளிர்ந்த பகுதிகளில் பழகிய பயிர்கள். முள்ளங்கி நமக்குப் பழைய காய்தான் என்றாலும் அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. இவற்றுக்கு ஆடியில் அடிக்கும் காற்றும் வெயிலும் ஒத்துவராது.

குளிர் எதற்கு வேண்டும்?

பகலில் இலை சூரிய ஒளியை வைத்து சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் செடி சுவாசிக்க அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு செலவாகிறது. ராத்திரி எவ்வளவு சூடாக இருக்கிறதோ, செலவும் அவ்வளவு கூடும். மிச்சம் இருந்தால்தான் கேரட் வேரில் சேமிக்கும், முட்டைக்கோஸ் உள் இலைகளில் அடுக்கும். மிச்சமே இல்லையென்றால் செடி உயிரோடு இருக்கும், அவ்வளவுதான்.

கேரட்டுக்கு நல்ல நிறமும் இனிப்பும் வருவது 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில். சென்னையில் ஜனவரி மாதத்தில்கூட சராசரி குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 21 டிகிரி. கோவையில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறையும். அதாவது சென்னைக்காரர்களுக்கு வருஷத்திலேயே மிகவும் குளிர்ந்த வாரங்கள்தான் கேரட்டுக்கு 'பரவாயில்லை' என்ற அளவு. அந்த வாரங்களையும் வீணாக்கினால் எப்படி?

இன்னொரு விஷயம், மொட்டை மாடி தளம். பகல் முழுக்க வெயிலை வாங்கும் கான்கிரீட், ராத்திரி அந்தச் சூட்டை மெதுவாக வெளியே விடும். பையை நேரடியாகத் தளத்தில் வைத்தால் வேருக்குக் கிடைக்க வேண்டிய குளிர்ச்சி கிடைக்காது. நான்கு செங்கல் மேலோ, இரும்பு ஸ்டாண்டிலோ தூக்கி வைத்தால் காற்று உள்ளே புகுந்து போகும். தண்ணீரும் நன்றாக வடியும்.

காலிஃபிளவரில் ஏமாறுவது எதனால்?

இந்தக் கூட்டத்திலேயே காலத்தைக் கறாராகப் பார்ப்பது காலிஃபிளவர்தான். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

காலிஃபிளவர் இந்தியாவுக்கு வந்தது 1822-ல். இங்கிலாந்தில் இருந்து வந்த விதைகளை வட இந்தியாவின் சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்தில் முதலில் வளர்த்துப் பார்த்தார்கள். அடுத்த நூறு வருஷத்தில் நம் விவசாயிகள் வெயிலையும் ஈரத்தையும் தாங்கிப் பூப்பிடித்த செடிகளில் இருந்தே விதை எடுத்து, எடுத்து, இந்திய ரகங்களை உருவாக்கிவிட்டார்கள். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றில் இருந்து 'பூசா' என்ற பெயரில் பல ரகங்களை வெளியிட்டது.

இதனால் இன்று கடையில் காலிஃபிளவர் என்ற ஒரே பெயரில் கிடைப்பது உண்மையில் பல வகை. பூசா மேக்னா, பூசா தீபாலி போன்ற முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரி வெப்பத்தில் பூப்பிடிக்கும். ஸ்னோபால் வகைகளுக்கு 10 முதல் 16 டிகிரி தேவை. சென்னையிலோ மதுரையிலோ ஸ்னோபால் விதை போட்டால் என்ன ஆகும்? செடி குளிருக்காகக் காத்துக்கொண்டே இலை இலையாக விட்டுக்கொண்டிருக்கும். குளிர் வரவே வராது. உரம் போடப் போட இன்னும் இலைதான் வரும்.

இதற்கு நேர் எதிர் தப்பும் உண்டு. முன்பருவ ரகத்தை ரொம்பத் தாமதமாக விதைத்தால், செடி வளர்வதற்கு முன்பே குளிர் தட்டி, சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூவிட்டு நின்றுவிடும். நாற்றைக் குழித்தட்டிலேயே 40, 45 நாள் வரை விட்டு வைத்தாலும் இதே கதிதான். நாற்று 25 முதல் 30 நாளில் பைக்கு மாறிவிட வேண்டும்.

எனவே பாக்கெட்டின் முன்னால் இருக்கும் வெள்ளைப் பூவின் படத்தைப் பார்ப்பதைவிட, பின்னால் இருக்கும் ரகத்தின் பெயரையும், 'முன்பருவம்' என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்க. சமவெளியில் இருப்பவர்கள் வாங்க வேண்டியது முன்பருவ ரகம், அல்லது வெப்பம் தாங்கும் ஹைப்ரிட். இந்த ஹைப்ரிட் விதைகள் நம் இடைவெளியைச் சில வாரம் நீட்டித் தரும். ஆனால் ஆடியைக் கார்த்திகையாக மாற்றித் தராது.

மழை எங்கே குறுக்கே வருகிறது?

வட மாநிலங்களில் குளிர்காலம் என்றால் காய்ந்த, தெளிந்த வானம். அக்டோபரில் விதைத்தால் பிப்ரவரி வரை நிம்மதி. பல விதைப் பாக்கெட்டுகளில் அச்சாகி வரும் 'அக்டோபர் - நவம்பர்' என்ற குறிப்பும் அந்தப் பருவத்தை மனதில் வைத்ததுதான்.

தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே குளிர் தொடங்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் இந்த மழைதான் மாநிலத்தின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி. சென்னையில் பாதிக்கும் மேல். 2015 டிசம்பர் முதல் வாரத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்ததையும் மாடித்தோட்டம் வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மழைக்கு முன்னால் விதைத்தால் வெயில், மழையில் விதைத்தால் அழுகல், மழை முழுசாக விட்டபிறகு விதைத்தால் மாசி வெயில் வந்துவிடும். மூன்றுக்கும் நடுவில் புகுந்து போவதுதான் வேலை. அதற்கு ஒரு வழி உண்டு: நாற்றாக வளர்ப்பவற்றை மழைக்கு முன்பே கூரையின் கீழ் தயார் செய்வது, நேரடியாக விதைப்பவற்றை மழையின் இடைவெளியில் போடுவது.

அப்படியானால் எந்தத் தேதியில் எதைப் போடுவது?

தேதியை முன்னால் இருந்து எண்ணாமல் பின்னால் இருந்து எண்ணிப் பாருங்க. கடலோர மாவட்டங்களிலும் உள் மாவட்டச் சமவெளியிலும் ஜனவரி கடைசி வரை நல்ல குளிர்ச்சி இருக்கும். பிப்ரவரி நடுவில் இருந்து, அதாவது மாசி பிறந்ததும், பகல் வெப்பம் ஏறத் தொடங்கும். அறுவடை அதற்குள் முடிய வேண்டும்.

முதலில் விதைக்க வேண்டியது காலிஃபிளவர். நாற்றுக்கு ஒரு மாதம், நட்ட பிறகு 60 முதல் 75 நாள். மொத்தம் நூறு நாள் கணக்கு. ஜனவரி கடைசியில் பூ வேண்டும் என்றால் அக்டோபர் மூன்றாவது வாரத்துக்குள் விதை குழித்தட்டில் விழுந்திருக்க வேண்டும். புரட்டாசி நடுவில் தொடங்குவது பாதுகாப்பு.

அடுத்து முட்டைக்கோஸ். கோல்டன் ஏக்கர் போன்ற குறுகிய கால ரகம் நட்டு 60, 65 நாளில் கைக்கு வரும். நாற்றுக் காலத்தையும் சேர்த்தால் 90 நாள். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு தட்டு, மூன்றாவது வாரத்தில் இன்னொரு தட்டு என்று பிரித்துப் போடுவது நல்லது. ஒரு புயலில் முதல் தட்டு போனாலும் இரண்டாவது இருக்கும். மொத்த விதையையும் ஒரே நாளில் கொட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

நூக்கலுக்குப் பலரும் இடமே கொடுப்பதில்லை. ஆனால் முட்டைக்கோஸ் குடும்பத்தில் சமவெளிக்கு எளிதானது அதுதான். நட்டு 50 நாளில் டென்னிஸ் பந்து அளவுக்கு வந்துவிடும், சின்னப் பையே போதும். நவம்பர் நடுப்பகுதி வரை நாற்று விடலாம். முதல் வருஷம் முயற்சி செய்பவர்கள் காலிஃபிளவரில் கை வைப்பதற்கு முன் நூக்கலில் தொடங்கலாம்.

கேரட்டை நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடக்கூடாது. நுனி வேர் அறுந்தால் கிழங்கு இரண்டாக, மூன்றாகப் பிரிந்துவிடும். நேரடி விதைப்புதான். 80 முதல் 100 நாள் ஆகும் என்பதால் நவம்பர் நடுப்பகுதி நல்ல நேரம், கார்த்திகை முதல் வாரம் கடைசி எல்லை. விதை முளைக்க 10 முதல் 15 நாள் எடுக்கும். ஐந்தாவது நாளே 'விதை சரியில்லை' என்று மண்ணைக் கிளறிவிடாதீங்க. ஒரு அடி ஆழமுள்ள பையும், கல் கட்டி இல்லாத பொலபொலப்பான மண்ணும் வேண்டும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சலித்துக் கலந்தால் போதும். பச்சைச் சாணம் மட்டும் கூடவே கூடாது.

பீட்ரூட்டுக்கு 60, 70 நாள். டிசம்பர் முதல் வாரம் வரை விதைக்கலாம். பீட்ரூட் 'விதை' என்பது உண்மையில் பல விதைகள் ஒட்டிய ஒரு கொத்து. ஒரு குழியில் ஒன்று போட்டாலும் இரண்டு மூன்று முளைக்கும். நல்லதை விட்டுவிட்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும். கலைக்க மனசு வராதவர்கள் வீட்டில் பீட்ரூட் கோலிக்குண்டாகவே இருக்கும். கலைத்த கீரையை வீணாக்க வேண்டாம், பொரியலுக்கு ஆகும்.

முள்ளங்கிக்கு 45 நாள். பொங்கலுக்கு வீட்டு முள்ளங்கியில் சாம்பார் வைக்க வேண்டும் என்றால் டிசம்பர் 1-ம் தேதி விதைத்தால் சரியாக இருக்கும். ஜனவரி முதல் வாரம் வரைகூட போடலாம். பூசா சேத்கி ரகம் வெயில் காலத்திலும் வளரும் என்பதால் தேதி தவறியவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆனால் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

செடி பீன்ஸ் நவம்பரில் போட்டால் 50 நாளில் காய் பறிக்கலாம். கொத்தமல்லியும் இந்த மாதங்களில்தான் சீக்கிரம் பூத்துப் போகாமல் தழையாக நிற்கும். பட்டாணி? கடலோரத்தில் ஆசைக்கு நான்கு செடி வைக்கலாம். சூட்டில் பூ கொட்டிவிடும் என்பதால் கூட்டுக்கு ஆகும் அளவு எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லா ஊருக்கும் இதே கணக்கா?

இல்லை. கோவை, திருப்பூர் பக்கம் ராத்திரி குளிர்ச்சி சீக்கிரம் வரும், வடகிழக்கு மழையின் அடியும் கடலோரம் அளவுக்கு இருக்காது. அங்கே செப்டம்பரிலேயே நாற்று விடலாம், கேரட் விதைப்பை ஐப்பசிக்கே கொண்டுவந்துவிடலாம். ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்தப் பகுதி விவசாயிகள் முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் ஆண்டின் பெரும்பகுதி பயிர் செய்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே வசதி.

ஊட்டியில் நிலைமையே தலைகீழ். அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். இளம் நாற்று ஒரே ராத்திரியில் கருகிவிடும். அதனால் மலையில் இருப்பவர்கள் பனி விட்ட பிறகு தொடங்கும் நடவைத்தான் நம்ப வேண்டும்.

மழையில் நாற்றைக் காப்பாற்றுவது எப்படி?

நாற்று சாவதற்கு முக்கியக் காரணம் மழைத்துளி இல்லை, தேங்கும் ஈரம். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மெலிந்து, நாற்று அப்படியே மடிந்து விழும். இதைத்தான் நாற்றழுகல் என்கிறார்கள். ஒரு தட்டில் தொடங்கினால் இரண்டே நாளில் மொத்தமும் போகும், மருந்தடித்து மீட்பது கஷ்டம்.

குழித்தட்டை வராந்தாவிலோ, ஜன்னல் சன்ஷேடின் கீழோ வைக்கலாம். ஆனால் வெளிச்சம் வேண்டும். இருட்டான மூலையில் வைத்தால் நாற்று நூல் போல நீண்டுவிடும். நார்க்கழிவோடு கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி பவுடரைக் கலந்து வைப்பது பலருக்கும் பலன் தந்த வழி. தண்ணீரைக் காலையில் மட்டும், மேலே தெளித்தால் போதும்.

பைக்கு மாற்றிய பிறகு, அடியில் உள்ள ஓட்டைகள் அடைபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் குச்சி விட்டுப் பாருங்க. புயல் எச்சரிக்கை வந்தால் பைகளைச் சுவர் ஓரமாக நெருக்கி வைத்து, மேலே நிழல்வலை கட்டினால் மழையின் வேகம் குறையும். பாலித்தீன் ஷீட்டால் இறுக்கி மூடினால், வெயில் வந்த ஒரு மணி நேரத்தில் செடி வெந்துவிடும்.

கேரட் விதைத்த பையில் கனமழை விழுந்தால் விதை ஓரமாக அடித்துச் செல்லும், அல்லது மேல்மண் இறுகி முளை வெளியே வராது. விதைத்ததும் நனைத்த சாக்கை மேலே போட்டு வையுங்க. முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் சாக்கோடு முளையும் வந்துவிடும்.

வெயில் விழும் இடம் மாறுமா?

மாறும். பலர் கவனிக்காத விஷயம் இது. ஆடி, ஆவணியில் மதியச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கும். மார்கழியில் அது தெற்கே சாய்ந்துவிடும். சென்னையில் டிசம்பர் மாதம் மதிய வேளையில்கூட சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 10 அடி உயரச் சுவரின் நிழல் ஏழு அடிக்கு மேல் வடக்கே விழும். தெற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டியோ பக்கத்து வீட்டு மாடியோ இருந்தால், ஆடியில் வெயில் கொளுத்திய அதே இடம் மார்கழியில் நாள் முழுக்க நிழலாகிவிடும்.

இந்தக் காய்களுக்குக் குறைந்தது ஐந்து, ஆறு மணி நேர வெயில் தேவை. அதனால் ஸ்டாண்டை நிலையாகப் பதிப்பதற்கு முன், தெற்கே எது உயரமாக இருக்கிறது என்று பார்த்து மாடியின் வடக்குப் பாதியில் பைகளை வையுங்க.

புழு வந்தால்?

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலையில் சல்லடை மாதிரி ஓட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் பச்சைப் புழு. நடும்போதே பக்கத்தில் ஒரு பையில் கடுகைத் தூவி வைத்தால் பூச்சி முதலில் கடுகுக்குப் போகும். பெரிய வயல்களில் கையாளும் உத்தி இது, வீட்டிலும் செய்யலாம். வாரம் இருமுறை இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்துக் கையாலேயே எடுத்தால் ஐந்தாறு செடிக்கு மருந்தே தேவைப்படாது. அசுவினி அப்பினால் வேப்பெண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கலாம். காலிஃபிளவர் பூ எட்டிப் பார்த்ததும், சுற்றியுள்ள இலைகளை மடக்கி அதை மூடி வைத்தால் மஞ்சளாகாமல் வெள்ளையாகவே இருக்கும்.

விதையை எடுத்து வைக்க முடியுமா?

முள்ளங்கியில் முடியும். நான்கு செடியைப் பூக்க விட்டால் காய் காய்த்து விதை கிடைக்கும். முட்டைக்கோஸ், ஸ்னோபால் காலிஃபிளவர், பீட்ரூட், ஊட்டிப் பக்கம் விளையும் ஆரஞ்சு கேரட் ஆகியவை பூக்கவே நீண்ட குளிர் வேண்டும். நம் சமவெளியில் அந்தக் குளிர் கிடையாது. எனவே இவற்றுக்கு வருஷா வருஷம் பாக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்ப்பது அவசியம். போன வருஷம் மிஞ்சிய விதை இருந்தால் பத்தை எடுத்து ஈரத் துணியில் கட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று செப்டம்பரிலேயே சோதித்துவிடுங்க. நவம்பரில் தெரிந்தால் இன்னொரு முறை விதைக்க நாள் இருக்காது.

தை கடந்தும் உருண்டை பிடிக்காத முட்டைக்கோஸ் ஒன்றிரண்டு மிஞ்சத்தான் செய்யும். மாசி வெயில் அதைச் சரிசெய்யப் போவதில்லை. இளம் இலைகளைப் பறித்துப் பொரியல் செய்துவிட்டு, வேரை எடுத்துப் போட்டு, மண்ணில் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் மண்புழு உரமும் கலந்து வைத்தால் அதே பையில் வெண்டையோ தண்டுக்கீரையோ போடலாம்.